மெட்டைச் சுட்டுவிட்டார்கள் என்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தைப்பூசம் நெருங்கும்போது உறுமி மேளக் குழுக்களின் புதுப் பாடல்கள் வரிசை கட்டி வருகின்றன. கூடவே 'மெட்டைச் சுட்டுட்டானுங்க' என்ற சண்டையும் வந்துவிடுகிறது. ஒரு பாட்டு வலையொளியில் (யூடியூப்) ஏறிய மறுநாளே, அதையும் வேறொரு பாட்டையும் அடுத்தடுத்து ஒட்டிய அரை நிமிடத் துணுக்கு புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றும். கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்படிக் கேட்கும்படிதான் அதை வெட்டியிருப்பார்கள். இந்த வட்டாரத்தில் பாட்டு அமைப்பவர்கள் என்ற முறையில் நாங்கள் சொல்ல வருவது இதுதான். இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை திருட்டே நடக்காத இடத்தில் நடக்கின்றன. நடக்கிற திருட்டோ கோயில் ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இராகம், தாளம், நடை, கார்ட்ஸ் (சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசை, பீட் ஆகியவற்றுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. கருத்துக்கும் செய்முறைக்கும் பாதுகாப்பு இல்லை என்று நம் மலேசிய நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 7ஆம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. அந்தக் கருத்துக்கு ஒருவர் கொடுத்த வடிவத்துக்குத்தான் பாதுகாப்பு. காவடிச் சிந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுதிப் புகழ்பெற்ற அண்ணாமலை ரெட்டியார் மறைந்தது 1891இல். செஞ்சுருட்டி இராகத்தில், அடிக்கு மூன்றாக உருளும் திஸ்ர நடையில் சிந்து கேட்டுக் கேட்டு நம் காது பழகிவிட்டது. இன்று இரண்டு குழுக்கள் ஒன்றையொன்று அறியாமல் காவடிப் பாட்டு அமைத்தாலும் இரண்டும் செஞ்சுருட்டிப் பக்கம் சாயும், உறுமியும் 'தகிட தகிட' என்றுதான் உருளும். இதைத் திருட்டு என்பது, பக்கத்து வீட்டு ரசத்திலும் புளி இருக்கிறது என்று போலீசில் புகார் கொடுப்பது போலத்தான். கார்ட்ஸ் விஷயமும் அப்படியே. எட் ஷீரனின் 'திங்கிங் அவுட் லவுட்' பாட்டும் மார்வின் கேயின் 'லெட்ஸ் கெட் இட் ஆன்' பாட்டும் ஒரே நான்கு கார்ட்ஸ் நடையில் போகின்றன என்று போட்ட வழக்கில், 2023 மே மாதம் நியூயார்க் ஜூரி ஷீரன் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அப்படியானால் ஒப்பிட வேண்டியது எது? குரல் பாடும் மெட்டு. முதலில் இரண்டு பாட்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்று ஒரு கட்டையிலும் மற்றது இரண்டரைக் கட்டையிலும் இருந்தால், இரண்டாவதை மூன்று அரைச்சுரம் இறக்க வேண்டும். அடுத்தது வேகம். ஒன்று நிமிடத்துக்கு 96 அடி, மற்றது 120 அடி என்றால், பின்னதை 20 விழுக்காடு குறைத்தால் சரியாகிவிடும். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள் இதற்குப் போதும். அதில் சுருதிக்கு ஒரு கட்டளை, வேகத்துக்கு ஒரு கட்டளை, இரண்டையும் சேர்த்து இழுக்கும் கட்டளை ஒன்று என மூன்று உண்டு. மூன்றாவதைத் தொடக்கூடாது, அவசரக்காரர்கள் தட்டுவது அதைத்தான்.

பிறகு பதிவை நிறுத்திவிட்டு, மெட்டை மட்டும் ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ ஒற்றை விரலில் வாசித்துப் பார்க்க வேண்டும். உறுமி, பாஸ், எதிரொலி எல்லாம் கழன்றதும் பல சண்டைகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் கட்டம் போட்ட தாளை எடுங்கள். நான்கு அடி கொண்ட ஒரு பாருக்கு 16 கட்டம், திஸ்ர நடையானால் 12. எந்தக் கட்டத்தில் எந்தச் சுரம் தொடங்குகிறது, எத்தனை கட்டம் நீள்கிறது என்று பல்லவியின் எட்டுப் பாருக்கும் எழுதி, மற்றப் பாட்டை அதன் கீழே எழுத வேண்டும். சுரம் ஒன்றாக இருந்தும் அது விழும் இடம் வேறானால் காது அதை வேறு மெட்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். 'ஏழு சுரம் வரை எடுக்கலாம்', 'நாலு பார் வரை தப்பில்லை' என்று ஸ்டூடியோக்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள். அப்படி ஒரு கணக்கு எந்தச் சட்டத்திலும் கிடையாது. எடுத்தது மூலப் படைப்பின் கணிசமான பகுதியா என்பதே நம் சட்டம் கேட்கும் கேள்வி. பல்லவியின் இரண்டு பாரே அந்தப் பாட்டின் உயிராக இருந்தால், அந்த இரண்டு பார் போதும் மாட்டிக்கொள்ள.

இப்படிச் சுரம் பிரித்தால் என்ன தெரியவரும் என்பதற்கு, ஜார்ஜ் ஹாரிசனின் 'மை ஸ்வீட் லார்ட்' மீதான 1976ஆம் ஆண்டு நியூயார்க் தீர்ப்பைப் படிக்க வேண்டும். தி சிஃபான்ஸ் குழு பாடி 1963இல் புகழ்பெற்ற 'ஹீஸ் ஸோ ஃபைன்' மெட்டு அது என்பது வழக்கு. நீதிபதி ரிச்சர்ட் ஓவன் தாமே இசையமைப்பவர். தீர்ப்பிலேயே மெட்டைப் பிரித்து எழுதினார். நம் சுரத்தில் சொன்னால் முதல் துணுக்கு 'ப க ரி'. இரண்டாவது, மேல் ஷட்ஜத்தைத் தொடும் 'ப த ஸ த ஸ'. இரண்டுமே மோகனத்துக்குள் அடங்கிவிடும். தனித்தனியே பார்த்தால் ஊர்ச்சொத்து. ஆனால் மூலப் பாட்டில் முதல் துணுக்கு நான்கு முறையும், அடுத்து இரண்டாவது துணுக்கு நான்கு முறையும் வருகிறது. ஹாரிசன் பாட்டிலும் முதல் துணுக்கு நான்கு முறை, இரண்டாவது மூன்று முறை. நான்காவது வர வேண்டிய இடத்தை ஏறத்தாழ அதே நீளமுள்ள ஓர் இணைப்பு நிரப்புகிறது. இதற்கு மேல் ஒன்று: இரண்டாவது துணுக்கு இரண்டாம் முறை வரும்போது அதில் ஓர் அனுசுவரம், அதாவது ஒட்டி வரும் குறுஞ்சுரம், உரசிவிட்டுப் போகும். இரண்டு பாட்டிலும் அதே அனுசுவரம், அதே இடம். வரிசை, எண்ணிக்கை, இந்த உரசல் மூன்றும் ஒரே சமயத்தில் தற்செயலாக அமையாது. ஹாரிசன் தெரிந்தே எடுத்தார் என்று நீதிபதி சொல்லவில்லை; எப்போதோ கேட்டது அடிமனத்தில் கிடந்து அவருடைய மெட்டுபோல் வெளிவந்தது என்றார். அதுவும் மீறல்தான் என்றார். எனவே ஊரெல்லாம் ஒலித்த ஒரு பாட்டைப் பற்றி 'நான் கேட்டதே இல்லை' என்று சொல்வது எடுபடாது. 'கேட்டதாக ஞாபகம் இல்லை' என்பதும் காப்பாற்றாது.

மீறல் இல்லை என்று முடிந்ததற்குக் கேட்டி பெர்ரியின் 'டார்க் ஹார்ஸ்' வழக்கைச் சொல்லலாம். பின்னணியில் சுற்றிச் சுற்றி வரும் எட்டுச் சுரத் துணுக்கு 'க க க க ரி ரி' என்று இறங்குகிறது. ஃபிளேம் என்ற ராப் பாடகரின் 'ஜாய்ஃபுல் நாய்ஸ்' துணுக்கும் அப்படித்தான் இறங்குகிறது. 2019இல் ஜூரி ஏறத்தாழ 28 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. 2020இல் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். 2022இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அதே ஆண்டு லண்டனில் ஷீரனின் 'ஷேப் ஆஃப் யூ' வழக்கில் சண்டைக்குரிய சுரங்கள் 'ஸ க ம ப', அதாவது நம் சுத்த தன்யாசியின் ஏறுவரிசையில் முதல் நான்கு. இவ்வளவு குறுகிய, சாதாரணமான ஏற்றத்துக்கு இன்னொரு பாட்டைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்பது நீதிபதியின் முடிவு. மார்வின் கேயின் இன்னொரு பாட்டை வைத்து நடந்த 'ப்ளர்ட் லைன்ஸ்' வழக்கு ஒன்றுதான் இந்தப் பாதையிலிருந்து விலகிப் போனது. மெட்டைவிடச் சாயலையே வைத்து 2015இல் ஜூரி தீர்ப்புச் சொல்லி, கடைசியில் ஏறத்தாழ 50 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. எங்கள் கணிப்பில் அது தவறான தீர்ப்பு. 2018இல் மேல்முறையீட்டில் மூவரில் ஒரு நீதிபதி, ஒரு பாணிக்கே உரிமை கொடுத்துவிட்டார்கள் என்று எதிர்த்து எழுதியதுதான் சரி.

நமக்கு இன்னும் நெருக்கமானது டெல்லி வழக்கு. ஏ.ஆர். ரகுமானின் 'வீரா ராஜ வீரா', துருபத் என்ற இந்துஸ்தானி இசை பாடும் டாகர் குடும்பத்தாரின் 'சிவ ஸ்துதி'யிலிருந்து வந்தது என்று 2025 ஏப்ரலில் தனி நீதிபதி இடைக்கால உத்தரவு போட்டார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. ஒன்றைப் பாடினார் என்பதாலேயே அதை இயற்றினார் ஆகிவிடாது என்பது அதன் சாரம். தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பாடிவந்த தெம்மாங்குக்கும் தாலாட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். முதலில் பதிவு செய்தவருக்கு அந்தப் பதிவுதான் சொந்தம், பாட்டு சொந்தமில்லை.

இனி, யாரும் பேசாத பக்கத்துக்கு வருகிறோம். சினிமாவில் ஓடிய பாட்டின் மெட்டை அச்சு மாறாமல் வைத்துக்கொண்டு, சொல்லை மட்டும் முருகன் பாட்டாக்கிப் பாடுகிறார்களே, அதுதான் ஈயடிச்சான் காப்பி. மேலே சொன்ன கட்டத்தாளில் எழுதினால் ஒரு கட்டம்கூட மாறாது. 'சாமி பாட்டுதானே' என்று விட்டுவிடுகிறோம். மெட்டுக்குச் சொந்தக்காரர் சாமி இல்லை, இசையமைப்பாளர். பாரதியார் நந்தன் சரித்திரத்து மெட்டில் எழுதியபோது எந்தப் பாட்டின் மெட்டு என்று தலைப்பிலேயே குறித்தார். நம் குழுக்கள் 'இசை' என்ற இடத்தில் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்கின்றன. இலாப நோக்கமில்லாத சங்கமோ பள்ளியோ, நுழைவுக் கட்டணம் வாங்காமல், கல்விக்காகவோ அறப்பணிக்காகவோ மேடையில் பாடினால் சட்டம் இடம் கொடுக்கிறது. அதையே பதிவு செய்து வலையொளியில் ஏற்றினால் அந்தச் சலுகை பொருந்தாது.

பதிவை வெட்டுவது இன்னொரு வகை. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: மெட்டும் சொல்லும் ஒன்று, ஒலிப்பதிவு வேறொன்று. இன்னொரு குழு வாசித்த உறுமி அடியை நீங்களே வாசித்துப் பதிவு செய்தால் தவறில்லை. அவர்கள் பதிவிலிருந்து இரண்டு பார் வெட்டிச் சுற்றவிட்டால் தவறு. குரலையும் கருவிகளையும் பிரித்துத் தரும் செயலிகள் வந்தபின் இது கைபேசியிலேயே நடக்கிறது. பிரித்த தாளத்தின் எதிரொலியில் பழைய குரலின் நிழல் ஒட்டிக்கொண்டே இருக்கும். நல்ல ஹெட்போனில் தெரியும். வலையொளியின் தானியங்கிச் சோதனை கண்டுபிடித்தால் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், காணொளி முடக்கப்படவும் செய்யலாம். அது நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது. மறுத்து எழுதினால் எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் முறைப்படி அகற்றச் சொல்லி வரும் எச்சரிக்கை 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் அலைவரிசையே போய்விடும். வழக்கானால், நம் சட்டப்படி நட்டத்தை நிரூபிக்காமலேயே படைப்பு ஒன்றுக்கு 25,000 ரிங்கிட் வரை கேட்கலாம்.

'இந்தப் பாட்டு மாதிரி வேணும்' என்று கேட்டு வருபவர்களுக்குப் பாட்டு அமைக்கும் இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதிரிப் பாட்டிலிருந்து வேகம், கருவிகள், பல்லவி சரணத்தின் வரிசை மூன்றை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு, மெட்டு முடியும்வரை அதைத் திரும்பக் கேட்காதீர்கள். பலரும் சறுக்குவது, மெட்டின் அளவைச் சொல்லும் தத்தகாரத்தில். மாதிரிப் பாட்டின் 'தன்னன்னா தானன்னா'வை வைத்துச் சொல் எழுதிவிட்டு, பிறகு சுரத்தை மாற்றுகிறார்கள். குறில் நெடில் விழும் இடம் அப்படியே இருப்பதால், சுரம் எவ்வளவு மாறினாலும் பழைய பாட்டு எட்டிப் பார்க்கும். முதலில் தத்தகாரத்தை உடைக்க வேண்டும். முதல் முணுமுணுப்பிலிருந்து எல்லாக் குரல்பதிவுகளையும் தேதியோடு வைத்திருங்கள். மெட்டு, சொல், இசைக்கோப்பு யாருக்கு எத்தனை விழுக்காடு என்று கூட்டினால் 100 வரும்படி எழுதி, வெளியிடும் முன் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். மைஐபிஓவில் (மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம்) சத்தியப் பிரமாணத்தோடு படைப்பை அறிவித்துவைக்கலாம். அது கட்டாயமில்லை, பாட்டு எழுத்திலோ பதிவிலோ வந்தவுடனே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் சண்டை வந்தால் அது முதல்நிலைச் சான்றாகும்.

பழைய மெட்டு வேண்டுமென்றால் ஆண்டைக் கணக்கிடுங்கள். இங்கே படைப்பாளி இறந்த ஆண்டு முடிந்து 50 ஆண்டுகள், இந்தியாவில் 60. பாபநாசம் சிவனும் மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லியும் 1973இல் மறைந்தவர்கள். அவர்கள் இயற்றியவை 2024 முதல் மலேசியாவில் பொதுச்சொத்து. ஒரே பாட்டுக்குச் சொல் எழுதியவர் வேறொருவரானால் அவர் ஆண்டைத் தனியே பார்க்க வேண்டும். கண்ணதாசன் வரிகளுக்கு 2031 முடிய வேண்டும், எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டுகளுக்கு 2065. இந்தியாவிலும் ஓட வேண்டிய காணொளி என்றால் பத்து ஆண்டு கூட்டிக்கொள்ளுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மெட்டுத் திருட்டு என்று ஒரு புகார் வந்தால், இரண்டு பாட்டின் பல்லவியையும் சுர வரிகளாக ஒன்றன்கீழ் ஒன்று அச்சிட நான்கு அங்குல இடம் ஒதுக்குங்கள். புகார் கொடுப்பவரே அதை எழுதித் தரட்டும். அவருக்குச் சுரம் தெரியாவிட்டால் நாங்கள் எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
பாட்டு அமைப்போர் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.