ரிச்சி முகாமின் அகதிகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தன் குடும்பத்தை அழித்தவர்களே போர்க்கைதிகளாக எதிரில் உட்கார்ந்தால் ஓர் அகதிச் சிப்பாய் நெறி தவறாமல் இருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முடிந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் மேரிலாந்தில் 1942 ஜூனில் பயிற்சி மையமாகத் திறந்த ரிச்சி முகாமைப் பார்.

அமெரிக்கப் படையின் உளவுப் பிரிவுக்கு அங்கே எட்டு வாரப் பயிற்சி. பயின்றவர்களில் இரண்டாயிரம் பேராவது ஜெர்மனி, ஆஸ்திரியாவிலிருந்து தப்பிவந்த அகதிகள், பெரும்பாலும் யூதர்கள். கைதிகளை விசாரிக்கும் ஒவ்வொரு குழுவிலும் ஆறு பேர்.

வேலை இப்படி நடக்கும். பிடித்தவுடன் அதிகாரிகளையும் சிப்பாய்களையும் பிரித்துவிட வேண்டும். அதிகாரி பக்கத்தில் நின்றால் சிப்பாய் வாயே திறக்கமாட்டான். அடுத்தது ‘சோல்ட்புக்’, ஜெர்மன் சிப்பாயின் சம்பளப் புத்தகம். எந்தப் படைப்பிரிவு, எந்த மருத்துவமனை, எப்போது விடுப்பு எல்லாம் அதில் இருக்கும். படித்துவிட்டு அவன் பிரிவையும் தளபதி பெயரையும் நாமே சொல்லிவிட வேண்டும். இவர்களுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறதே என்று நினைத்துவிட்டால் மிச்சத்தை அவனே சொல்வான். அடித்தால் வலி நிற்பதற்காக எதையாவது உளறுவான். அதை நம்பிப் படையை நகர்த்தினால் சாவது நம் ஆட்கள்.

ஆத்திரத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1944 டிசம்பரில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட குர்ட் ஜேக்கப்ஸ், மர்ரி ஸாப்லர் என்ற இரண்டு விசாரணையாளர்களை, யூதர்கள் என்பதற்காகவே ஜெர்மன் கேப்டன் புரூன்ஸ் சுடச் சொன்னான். அதற்குப் பதிலாகக் கைதிகளைப் பழிவாங்கவில்லை. புரூன்ஸை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, குற்றம் நிரூபணமான பிறகே 1945 ஜூனில் தண்டனையை நிறைவேற்றினார்கள்.

ஓர் இடம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. ரிச்சியில் பயின்ற விசாரணையாளர் கை ஸ்டெர்ன் 1937இல் 15 வயதில் தனியாக அமெரிக்கா வந்தவர். பெற்றோர், தம்பி, தங்கை எல்லோரையும் நாஜிகளிடம் பறிகொடுத்தவர். அவர் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் ரஷ்ய அதிகாரி ‘கமிஸார் க்ருகோவ்’ ஆக வேடமிட்டு உட்காருவார். பேச மறுப்பவனை அவரிடம் ஒப்படைக்கப்போவதாகக் கூட்டாளி பிரெட் ஹோவர்ட் சொல்வார். ரஷ்யர் என்றாலே ஜெர்மானியருக்கு நடுக்கம். பலருக்கு அங்கேயே நாக்கு அவிழ்ந்துவிடும்.

1929 ஜெனீவா ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, பதில் சொல்ல மறுக்கும் கைதியை மிரட்டவே கூடாது என்கிறது. அந்த வேடம் உயிர்களைக் காத்திருக்கலாம். இருந்தும் அதை மிரட்டல் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஸ்டெர்ன்மீது என் மதிப்பு குறையவும் இல்லை. நீ சட்டம் படித்தவன். உன் கருத்தை விரிவாக எழுது.

அன்புடன்,
உன் நண்பன்