சகலைக்கு எழுதிய கடிதம்: நீர்க்கட்டி என்று சொல்லாதீர்கள்

(சென்ற மாதம் என் மனைவியின் தங்கை கணவருக்கு எழுதிய கடிதம் இது. இதைப் பொதுவில் வைக்கச் சொன்னவள் என் கொழுந்தியாள்தான். பெயர்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.)

கும்பகோணம்
ஐப்பசி மாதம்

அன்புள்ள தம்பி அவர்களுக்கு,

நேற்றிரவு நீங்கள் தொலைபேசியில் பேசியபோது என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால், "சரி, சரி" என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. உங்கள் மனைவியின் வயிற்றில் இருப்பது சினைப்பைப் புற்றுநோய்தான் என்று மருத்துவர் உறுதிப்படுத்திவிட்டதாகவும், வீட்டில் நீர்க்கட்டி என்று சொல்லி வைத்திருப்பதாகவும், சிகிச்சை முடியும்வரை நாங்களும் அப்படியே சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டீர்கள். "தெரிந்தால் தாங்க மாட்டாள் அண்ணே" என்றீர்கள். சென்ற வருடம் என் மைத்துனரிடம் நான் சொன்னதும் இதே வார்த்தைகள்தான். தொலைபேசியை வைத்த பிறகு என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்காக மன்னியுங்கள், ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது ஏன் சொன்னேன் என்பது உங்களுக்குப் புரியும்.

எங்கள் வீட்டில் நடந்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் சம்பா அறுப்பு முடிந்த கையோடு என் மனைவிக்கு வயிறு உப்பத் தொடங்கியது. இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. பாவாடை நாடா இறுக்குகிறது என்றாள். இரவில் நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போனாள். நாங்கள் ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, வாயு மாத்திரை என்று மூன்று மாதத்தை ஓட்டினோம். இந்த நோய் பெரும்பாலும் மூன்றாம் கட்டத்தை எட்டிய பிறகே கண்டுபிடிக்கப்படுவதற்கு இப்படிப்பட்ட மூன்று மாதங்களும் ஒரு காரணம். ஸ்கேன் எடுத்து, வயிற்று நீரைச் சோதித்து, முடிவு வந்த அன்று நான் மருத்துவரை வெளியே அழைத்து, அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பன்னிரண்டு நாள் அது என் பையிலேயே இருந்தது, சட்டை மாறினாலும் அது மட்டும் கூடவே வந்தது.

அடுத்து நாங்கள் பார்த்த அறுவை நிபுணர் ஒரு பெண்மணி. அவரிடமும் அதையே கேட்டேன். "நோயாளி அவர்கள். உங்கள் கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் வயிற்றை நான் திறக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, என்னை வெளியே உட்காரச் சொல்லி அவளைத் தனியாக உள்ளே அழைத்தார். அன்று எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இருபது நிமிடம் கழித்து வெளியே வந்த என் மனைவி அழவில்லை. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து காபி குடிக்கும்போதுதான், "வாயுத் தொல்லைக்கு மாயவரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து யாராவது ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுப்பார்களா? அன்றைக்கே எனக்குத் தெரியும்" என்றாள். அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்குத் தெரியக்கூடாது என்று அவளும், அவளுக்குத் தெரியக்கூடாது என்று நானும் ஒரே வீட்டில் வெவ்வேறு மூலையில் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

உங்கள் நிலை என்னுடையதைவிடக் கடினம். அக்காவின் ஆறு கீமோவில் நான்குக்குத் துணையிருந்தவள் உங்கள் மனைவி. கார்போபிளாட்டின், பேக்லிடாக்ஸல் என்ற பெயர்களை நான் சரியாக உச்சரிக்கக் கற்றதே அவளிடம்தான். அப்படிப்பட்டவளிடம் நீர்க்கட்டி என்று சொல்லி, கையில் ஊசி ஏற்றி, மூன்று வாரத்தில் தலைமுடி கொட்டும்போது என்ன சொல்லப் போகிறீர்கள்?

அவளிடம் சொன்ன பிறகு முதலில் வரும் கேள்வி, அறுவை முதலிலா கீமோ முதலிலா என்பதுதான். நான் இதில் பிடிவாதம் பிடித்துக் கெட்டவன். கட்டியை வெட்டி எறிந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் போலிருந்தது. முதலில் மூன்று சுற்று மருந்து கொடுப்போம், பிறகு அறுவை, பிறகு மீண்டும் மூன்று சுற்று என்று மருத்துவர் சொன்னபோது, கைவிட்டுவிட்டுத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்து அவரிடம் வாதாடினேன். என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "இப்போதே திறந்தால் கண்ணுக்குத் தெரிகிற அத்தனையையும் உங்களால் எடுத்துவிட முடியுமா?" முடியாது, குடலின் மேலும் உதரவிதானத்தின் கீழும் பரவியிருக்கிறது, உடம்பிலும் புரதம் குறைந்திருக்கிறது என்று பதில் வந்தது. கண்ணுக்குத் தெரியும் நோய் எதையும் மிச்சம் வைக்காமல் எடுப்பதுதான் அந்த அறுவையின் நோக்கம் என்பதால், அது கைகூடும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம். முற்றிய நிலையில் கீமோவை முதலில் கொடுத்தாலும் வாழ்நாள் குறைவதில்லை என்பதை 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வும் 2015இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வும் காட்டியிருப்பதாக மருத்துவர் அவளுக்கு விளக்கினார். உங்கள் வீட்டில் பதில் வேறாக இருக்கலாம். நோய் குறைவாகவும் உடம்பு தெம்பாகவும் இருந்தால் அறுவையையே முதலில் செய்வார்கள். எதுவானாலும் அந்தக் கேள்வியை அவளே கேட்கட்டும்.

அறுவையைப் பெண்களுக்கான புற்றுநோய் அறுவையில் தனிப் பயிற்சி பெற்றவரிடம்தான் செய்ய வேண்டும். தெரிந்த மருத்துவர், பக்கத்து ஊர், உடனே படுக்கை கிடைக்கும் என்று யார் சொன்னாலும் இதில் மட்டும் இணங்காதீர்கள். இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டுமானால் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ போகலாம், இரவு உழவன் ரயிலில் ஏறினால் விடியற்காலையில் எழும்பூர். அடையாறு நிலையத்தை 1954இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி, புதுக்கோட்டையில் பிறந்து, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் என்பதை அங்கே காத்திருந்த நாளில் என் மனைவிதான் எனக்குச் சொன்னாள். போகும்போது அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். சதைத் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டிகளையும் கண்ணாடி வில்லைகளையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள். அவை இல்லாமல் போய் நான் இரண்டு நாளை வீணாக்கினேன்.

கீமோ நாட்களைப் பற்றி உங்கள் மனைவிக்கே தெரியும். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை. இரண்டாவது வாரத்தில் வெள்ளை அணுக்கள் குறையும்போது 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். நான்காவது சுற்றுக்குப் பிறகு என் மனைவியின் விரல்கள் மரத்துப்போய், வாசலில் கோலம் போடும்போது மாவு எவ்வளவு விழுகிறது என்று தெரியாமல் புள்ளிக்குப் புள்ளி குவிந்து கிடந்தது. மருந்தைக் குறைத்துவிடுவார்களோ என்று பயந்து அவள் அதை மருத்துவரிடம் மறைத்தாள். அங்கே நான் குறுக்கிட்டுச் சொன்னேன். அது சரிதானா என்று இன்றும் எங்களுக்குள் வழக்கு உண்டு.

ரத்தச் சோதனையில் வரும் சிஏ 125 எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சாகாதீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத மீட்டர் 17ஐக் காட்டுமா 18ஐக் காட்டுமா என்று ஒரு குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அந்தப் பழக்கத்தில் 35 என்ற எல்லையை நானும் அப்படித்தான் பார்த்தேன். வேறு காரணங்களாலும் அந்த எண் ஏறும், ஸ்கேனும் உடம்பும் சொல்வதோடு சேர்த்துத்தான் மருத்துவர் அதைப் படிக்கிறார்.

பணத்தைப் பற்றியும் மறைக்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம்வரை உண்டு. எது அதில் அடங்கும், எது அடங்காது என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கீமோ முடிந்த பிறகு, நோய் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஓலாபாரிப் மாத்திரையை இரண்டு வருடம் சாப்பிடும் யோசனை வந்தபோது, நான் அவளுக்குத் தெரியாமல் மூன்று மா நிலத்துக்கு விலை பேசினேன். அது அவள் அப்பா அவளுக்கு எழுதி வைத்தது. தரகர் வாய் தவறிச் சொன்னதில் தெரிந்துவிட்டது. "என் உடம்பும் எனக்குத் தெரியாது, என் நிலமும் எனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். அதன் பிறகு அந்த மாத்திரையைப் பற்றி 2018இல் வெளிவந்த ஆய்வின் கணக்கை மருத்துவரிடம் அவளே கேட்டாள். இந்த நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ மரபணு மாற்றம் உள்ளவர்களில், மூன்று வருட முடிவில் நோய் முற்றாமல் உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை சாப்பிட்டவர்களில் 60 விழுக்காடு, சாப்பிடாதவர்களில் 27 விழுக்காடு. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, நிலத்தை விற்கலாம், ஆனால் வாய்க்கால் பக்கத்து மூன்று மாவை விட்டுவிட்டு மேட்டுப் பக்கத்தை விற்போம் என்றாள். விலை நான் பேசியதைவிடக் கூடவே கிடைத்தது.

இனிச் சொல்ல வேண்டியதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. என் மனைவிக்கு அந்த மரபணு மாற்றம் இருக்கிறது என்ற முடிவு எங்கள் கைக்கு வந்தது தை மாதம். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றும், உடன்பிறந்தவர்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். நம் மாமியார் வயிற்றில் நீர் கோத்து இறந்ததை ஊரில் மகோதரம் என்று சொல்லி முடித்துவிட்டார்கள் அல்லவா, அது என்னவாக இருந்திருக்கும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. என் மனைவி அன்றே தங்கையிடம் பேச வேண்டும் என்றாள். உங்கள் பெண்ணுக்கு நிச்சயமாகியிருந்த நேரம். குடும்ப நோய் என்ற பேச்சு சம்பந்தி வீட்டுக் காதில் விழுந்தால் என்னாகும் என்று சொல்லி, ஆவணியில் கல்யாணம் முடியட்டும் என்று அவளைத் தடுத்தவன் நான். புரட்டாசியில் அவள் தங்கையிடம் சொன்னாள். அந்த வாரமே எடுத்த ஸ்கேனில்தான் உங்களுக்கு இது தெரிந்தது.

அந்த எட்டு மாதத்தில் என்ன மாறியிருக்கும் என்று எந்த மருத்துவரும் எனக்குச் சொல்ல மாட்டார். ஸ்கேனும் ரத்தச் சோதனையும் திரும்பத் திரும்பச் செய்வதால் இந்த நோயின் சாவு குறைவதில்லை என்று இரண்டு லட்சம் பெண்களை வைத்து நடத்திய பிரிட்டிஷ் ஆய்வு 2021இல் சொல்லியிருக்கிறது. ஆனால் மாற்றம் இருப்பது தெரிந்தவர்கள், நோய் வருமுன் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துக்கொள்ளலாம். அவளுக்கு அந்த வழி திறந்திருந்ததா, அப்போதே மூடியிருந்ததா என்பது தெரியாது. இருக்கிறதா என்று பார்க்கும் உரிமையை நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். நீங்கள் என்னைத் திட்டினால் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மனைவிக்கு இப்போது அந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்வார்கள், ஏனென்றால் மாத்திரையைப் பற்றிய முடிவு அதைப் பொறுத்தது. இருந்தால் உங்கள் பெண்ணுக்கும் சொல்ல வேண்டியிருக்கும். என் பெண்ணுக்குச் சொல்லிவிட்டோம். அவள் பரிசோதித்துக்கொண்டாளா, முடிவு என்ன என்பதை அவள் சொல்லும்போது சொல்லட்டும் என்று விட்டிருக்கிறோம். மைத்துனருக்கும் எழுதியிருக்கிறேன், இது ஆண்கள் வழியாகவும் இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வருகிறோம். அதற்குள் நீங்கள் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் என் மனைவி சொல்லிவிடுவாள், இந்த முறை அவளை நான் தடுக்கப் போவதில்லை. எங்கள் கேள்விகளை எழுதி வைத்த நோட்டையும், மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்குவதற்கான விண்ணப்பத்தையும் கொண்டு வருகிறேன். ஹார்லிக்ஸ் வாங்கி வர மாட்டோம்.

அன்புடன்,
உங்கள் சகலை