10 ரூபாய் ஃபியூசுக்கு 600 ரூபாயா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கத்து குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் நம் ஒர்க்‌ஷாப் பில் ஒன்றின் படம் சுற்றிக்கொண்டிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். "10 ரூபாய் ஃபியூஸ் மாற்ற 600 ரூபாய் வாங்கிவிட்டார்கள்" என்பது குற்றச்சாட்டு. பில்லில் ஃபியூஸ் 10 ரூபாய், ஒயரிங் செக்கிங் 600 ரூபாய் என்று தனித்தனியாகத்தான் எழுதியிருக்கிறோம். படத்தைப் பார்த்ததும் நேரில் வந்து "என்ன விஷயம்?" என்று கேட்டவர்களுக்கு முதலில் நன்றி. மற்றவர்களுக்கும் அதே பதிலைச் சொல்லிவிடுகிறோம்.

ஃபியூஸ் மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் ஃபியூஸ் தானாகப் போவதில்லை. எங்கோ ஷார்ட் ஆகிறது, அல்லது லோடு கூடிவிட்டது. காரணத்தைப் பார்க்காமல் புதியதைச் செருகி அனுப்பினால் வண்டி வீடு போய்ச் சேர்வதற்குள் அதுவும் போய்விடும். அடுத்து யாராவது 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் இருந்த இடத்தில் 20 ஆம்பியர் மஞ்சளைப் போட்டுத் தருவார்கள். விளக்கு எரியும். கூடவே 10 ஆம்பியருக்கென்று போட்ட மெல்லிய ஒயர் சூடேறி, டேஷ்போர்டுக்குப் பின்னால் உருக ஆரம்பிக்கும். ஃபியூஸ் இருப்பதே ஒயரைக் காப்பாற்றத்தான்.

பின்பக்க விளக்குகளின் ஃபியூஸ் அடிக்கடி போகும் ஹேட்ச்பேக் வண்டிகளில் நாங்கள் முதலில் பார்ப்பது டிக்கி கதவின் மேல் மூலையை. பாடிக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இருக்கும். நம்பர் பிளேட் விளக்கு, பின் வைப்பர், பின் கண்ணாடியின் பனியைப் போக்கும் டிஃபாகர், டிக்கி லாக் எல்லாவற்றின் ஒயரும் அதற்குள்தான் போகிறது. டிக்கியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த ஒயர்கள் மடங்கி நிமிர்கின்றன. சில வருடங்களில் மேலுறை வெடித்து உள்ளே செம்பு தெரிய ஆரம்பிக்கும். ரப்பரை வெளியிலிருந்து பார்த்தால் புதிது போலவே இருக்கும். ரிவர்ஸ் கேமரா ஒயரையும் அதற்குள் திணித்திருந்தால் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். டிக்கி மூடியிருக்கும்வரை எல்லாம் சரி, திறந்தால் ஃபியூஸ் போகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், இடம் அதுதான்.

அதைக் கண்டுபிடிக்க, அந்த லைனில் உள்ள பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் டெஸ்ட் பல்பு ஒன்றை மாட்டுகிறோம். ஷார்ட் இருந்தால் அது பளிச்சென்று எரியும். பிறகு ஒயர்களை இணைக்கும் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒயர்க் கொத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ அங்கே கோளாறு. ஒயரை மறைத்திருக்கும் பிளாஸ்டிக் ட்ரிம்மைக் கழற்றி மாட்டுவதோடு சேர்த்து ஒரு மணி நேரம் தாராளமாகப் போகும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கார்பெட்டைத் தூக்கி, கீழே உள்ள கப்ளர்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். வெடித்த ஒயரை டேப் சுற்றி விடுவதில்லை. புது ஒயர் வைத்து சால்டர் செய்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, ஜாயின்ட் மடங்கும் இடத்தில் வராதபடி தள்ளி வைக்கிறோம். 600 ரூபாய் இந்த வேலைக்கு. படத்தை அனுப்பியவர்கள் இதையும் சேர்த்து அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேட்டரி விஷயத்திலும் இதே பேச்சு இருக்கிறது. காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் உடனே புது பேட்டரி விற்பது எங்களுக்குச் சுலபம், லாபமும் கூட. நாங்கள் மீட்டரைத்தான் முதலில் எடுக்கிறோம். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அதுவும் சரியென்றால் வண்டியைப் பூட்டி, அரை மணி நேரம் விட்டு, நின்ற நிலையில் எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்று நெகட்டிவ் லைனில் மீட்டரை வைத்துப் பார்க்கிறோம். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் பயமில்லை. பார்க்கிங் மோடில் விட்ட டாஷ்கேம் கால் ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி. சின்ன கார்களில் வரும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளில் பாதிக்கு இறங்கிவிடும். அங்கே குறை பேட்டரியில் இல்லை.

கார் உதிரிப் பொருள் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டிலோ ஆன்லைனிலோ நீங்களே வாங்கி வரும் பொருட்களை மாட்டித் தருகிறோம், சிலவற்றைத் தவிர. 60/55 வாட் ஹெட்லைட் இருந்த இடத்தில் 100/90 பல்பை மட்டும் மாற்றச் சொன்னால் செய்வதில்லை. பல்புக்கு 8 ஆம்பியருக்கு மேல் இழுத்து ஹோல்டர் கருகிவிடும். ஃபாக் லேம்ப் என்றால் சுவிட்சுக்குப் பதிலாக அதிக கரன்ட்டைத் தாங்கும் தனி ரிலே, பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட தனி லைன் அவசியம். சீட்டில் சைடு ஏர்பேக் உள்ள வண்டிக்கு, பக்கத் தையல் திறந்துகொள்ளும்படி தைத்த சீட் கவர் மட்டும்தான். பழைய மேட் மேல் புது மேட் போடவே மாட்டோம், ஆக்ஸிலரேட்டர் அதில் மாட்டிக்கொள்ளும். முன்பக்க இரும்பு பம்பர் கார்டை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாதென்று சொல்லிவிட்டது.

எலக்ட்ரீஷியன் தம்பி சொந்த ஊருக்குப் போய்விட்டதால் ஆக்ஸஸரி வேலை இனி செவ்வாய், வெள்ளி மட்டும். ஒயரிங் செக்கிங் அடுத்த மாதம் முதல் 750 ரூபாய். பார்த்துக் கொடுத்த அதே கோளாறு மூன்று மாதத்துக்குள் திரும்பினால் செக்கிங் கட்டணம் கிடையாது.

வெள்ளத்தின்போது பொறுமையாக வரிசையில் காத்திருந்தவர்கள், பிள்ளைகள் வாங்கிய முதல் காரையும் இங்கேயே கொண்டுவந்து விட்டவர்கள், குழுவில் எங்களுக்காகப் பதில் எழுதியவர்கள் எல்லோரையும் மனதார நினைத்துக்கொள்கிறோம். நீங்கள் இல்லாமல் இந்தக் கடை இல்லை.

அடுத்த முறை வரும்போது கோளாறு எப்போது வருகிறது என்று மட்டும் கவனித்து வாருங்கள். காலை முதல் ஸ்டார்ட்டிலா, மழைக்குப் பிறகா, ஏசி போட்டதுமா, டிக்கி திறந்ததுமா? தெரிந்தால் செக்கிங் நேரம் வெகுவாகக் குறையும்.

அன்புடன்,
ஒர்க்‌ஷாப் உரிமையாளர்