பாலிஷ் செய்யக் கொடுத்த காரின் பெயிண்ட் பாழானது குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மதுரை பைபாஸ் ரோட்டில் உள்ள தங்கள் கிளையில் என் கருப்பு நிறக் காருக்குப் பாலிஷும் வேக்ஸ் என்னும் மெழுகுப் பூச்சும் செய்ய 6,500 ரூபாய் செலுத்தினேன். தங்கை மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோகும் வண்டி என்பதை அன்றே உங்கள் ஊழியரிடம் சொல்லியிருந்தேன். மாலையில் வண்டியைப் பெற்றபோது அது கண்ணாடி போலப் பளபளத்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மறுநாள் காலை வெயிலில் நிறுத்தியபோதுதான் பானெட் முழுவதும் சிலந்தி வலை போன்ற கீறல்களும், மெஷின் ஓடிய வட்டத் தடங்களும், முன்கதவு விளிம்பில் பெயிண்டைக் காக்கும் நிறமற்ற மேற்பூச்சான கிளியர் கோட் தேய்ந்து வெளிறிய ஒரு திட்டும் தெரிந்தன.

இதைக் காட்ட உசிலம்பட்டியிலிருந்து மூன்று முறை வந்தேன். கிளை மேலாளர் வருவார் என்று போனில் உறுதி சொல்லி வரவழைத்த மூன்றாவது முறை, ஒன்றரை மணி நேரம் காத்திருந்தபின், கவுண்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "கருப்பு வண்டி வாங்கினால் கோடு தெரியத்தான் செய்யும், வெயிலில் வைத்து ஏன் பார்க்கிறீர்கள்?" என்றார். மதுரையில் வண்டியை வேறு எதில் வைத்துப் பார்ப்பது? மேலாளர் அன்று விடுப்பாம்.

கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் கனம்தான், தலைமுடியைவிட மெல்லியது, விளிம்புகளில் இன்னும் குறைவு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படியிருக்க, விளிம்பில் டேப் ஒட்டாமலும், பெயிண்டின் கனத்தை அளக்காமலும் ரோட்டரி மெஷினை வைத்து அழுத்தியது ஏன்? போதாததற்கு, உச்சி வெயிலில் சுட்டுக்கொண்டிருந்த தகரத்தின் மீது வேக்ஸ் பூசியதால், அது துடைக்கும் முன்பே காய்ந்து, பம்பரின் கருப்புப் பிளாஸ்டிக்கில் இன்றும் சுண்ணாம்பு போல அப்பிக்கிடக்கிறது. முதல் முறை வந்தபோதே இதையும் காட்டினேன். "இரண்டு வாஷில் போய்விடும்" என்றார்கள்.

இலவசமாக இன்னொரு முறை வேக்ஸ் பூசித் தருவதாகக் கூறியதற்கு நன்றி. ஆனால் மெழுகு கீறலைச் சில வாரங்கள் மறைக்குமே தவிர, தேய்ந்துபோன கிளியர் கோட்டைத் திருப்பித் தராது. நான்கு ஆண்டுகள் பிள்ளையைப் போல வைத்திருந்த வண்டியின் மதிப்பு பாதியாகிவிட்டது. காதுகுத்தில் என் மைத்துனரே, "மச்சான், வண்டியை எங்கே உரசினீர்கள்?" என்று கேட்டார்.

ஆகவே, செலுத்திய தொகையைத் திருப்பித் தருவதுடன், பானெட்டுக்கும் அந்தக் கதவுக்கும் தங்கள் செலவில் பெயிண்ட் அடித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். ரசீதும் வெயிலில் எடுத்த படங்களும் இத்துடன் உள்ளன. இனி ஒருமுறை நேரில் வரச்சொல்ல வேண்டாம். வண்டியைப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் ஆள் உசிலம்பட்டிக்கு வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்