கோளியாக் கடலும் நாகைக் கடலும்

நாகப்பட்டினம்

அன்புள்ள கோவிந்தராஜனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வீட்டோடு குஜராத்தின் பாவ்நகரில் குடியேறிய பிறகு நீ எழுதியவற்றில் இதுதான் நீளமானது; அதில் பாதிக்கு மேல் கடலைப் பற்றியே இருந்ததில் எனக்கு வியப்பில்லை. நாகைக் கடலைப் பார்த்தே வளர்ந்த ஒருவனுக்கு, காலையில் காலடியில் அலையடித்த கடல் மதியத்தில் கண்ணுக்கெட்டாத தொலைவில் கிடப்பது திகைப்பாகத்தான் இருக்கும். கோளியாக்கில் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் சேற்றில் நடந்துபோய் நிஷ்களங்க மகாதேவரைக் கும்பிட்டுவிட்டு வந்ததையும், சில மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது லிங்கங்கள் எல்லாம் மூழ்கி, கொடிக்கம்பம் மட்டும் நீருக்கு மேல் நின்றதையும் எழுதியிருந்தாய். பேத்தி அப்போது கேட்ட கேள்விகளை எனக்குத் தள்ளிவிட்டு, "அறிவியல் வாத்தியார் நீதானே, பதில் சொல்" என்று முடித்திருந்தாய். சொல்கிறேன்; அவளுக்குப் படித்துக் காட்டு.

ஒரு நாளில் ஏன் இரண்டு தடவை ஏற்றம் வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பள்ளிப் பாடங்கள் அவசரமாகக் கடந்துபோகும் இடம் அதுதான். நிலா தனக்கு நேராக உள்ள கடலை இழுப்பதால் அங்கே நீர் உயர்கிறது என்பது யாருக்கும் விளங்கிவிடும். நிலாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் மறுபக்கத்துக் கடலும் அதே நேரத்தில் உயர்வதுதான் விளங்காது. நிலா கடலை மட்டும் இழுக்கவில்லை, பூமி முழுவதையும் இழுக்கிறது. தொலைவு கூடக்கூட அந்த இழுப்பு குறைகிறது. நிலாவை நோக்கியுள்ள நீர், பூமியின் மையத்தைவிட ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர் நிலாவுக்கு அருகில் இருப்பதால் மையத்தைவிடச் சற்று அதிகமாக இழுக்கப்படுகிறது; மறுபக்கத்து நீர் அதே அளவு தள்ளியிருப்பதால் மையத்தைவிடச் சற்றுக் குறைவாக இழுக்கப்படுகிறது. ஆகவே ஒரு பக்கத்து நீர் முந்துகிறது, மறுபக்கத்து நீர் பிந்துகிறது, இரண்டுமே மையத்திலிருந்து விலகி நிற்கின்றன. சுழலும் பூமியில் உன் ஊர் இந்த இரண்டு மேடுகளையும் கடந்து போவதால்தான் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம்.

ஆனால் அது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை நிகழ்வதில்லை என்பதைப் பேத்தி கடிகாரத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். பூமி ஒரு சுற்று சுழன்று முடிப்பதற்குள் நிலாவும் அதே திசையில் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது; அதை எட்டிப்பிடிக்கப் பூமிக்கு இன்னும் ஏறத்தாழ 50 நிமிடம் தேவைப்படுகிறது. எனவே ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகிறது. இன்று காலை ஏழு மணிக்கு நீர் உச்சத்தில் இருந்தால் நாளை ஏறக்குறைய எட்டு மணிக்குத்தான் அந்த நிலையைப் பார்க்கலாம். நிலாவும் நாளுக்கு நாள் அதே அளவு தாமதமாக உதிக்கிறது.

சூரியன் எவ்வளவு பெரியது, அதைவிட்டு நிலாவை ஏன் சொல்கிறார்கள் என்ற அவளுடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. பூமியை இழுப்பதில் சூரியன்தான் வலியது. நிலாவைப் போல 170 மடங்குக்கு மேல். ஆனால் கடல் ஏறுவது இழுப்பின் மொத்த அளவால் அல்ல, பூமியின் ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் இடையே அந்த இழுப்பில் உள்ள வேறுபாட்டால். அந்த வேறுபாடு தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. சூரியனின் நிறை நிலாவின் நிறையைப் போல ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் மடங்கு. தொலைவோ ஏறத்தாழ 390 மடங்கு. 390 × 390 × 390 என்று பெருக்கினால் 5 கோடியே 93 லட்சம் வரும். அந்த எண்ணால் 2 கோடியே 70 லட்சத்தை வகுத்தால் கிடைப்பது அரைக்கும் கொஞ்சம் குறைவு. கடலை ஏற்றுவதில் நிலாவின் பங்கில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சூரியனுக்கும் பங்கு உண்டு என்பதே இதன் பொருள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்பதால் இரண்டு பங்கும் கூடுகின்றன. அட்டமியை ஒட்டிய நாட்களில் அவை குறுக்கே நின்று ஒன்றையொன்று குறைக்கின்றன. கோளியாக்கில் பாதரவா மாதத்து அமாவாசையில் பெருந்திருவிழா நடப்பதாக எழுதியிருந்தாயே, அதை ஒட்டிய நாட்களில் கடல் மிக உயர ஏறும், அதே அளவுக்கு மிகத் தாழ்வாக வற்றவும் செய்யும். நடந்து போகிறவர்களுக்கு அந்த வற்றம்தான் வேண்டும்.

நிலாவின் தொலைவும் நிலையானது அன்று. கிட்ட வரும்போது சுமார் 3,63,000 கிலோமீட்டர், தள்ளிப் போகும்போது சுமார் 4,05,000 கிலோமீட்டர். பார்வைக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் இங்கும் மும்மடிக் கணக்குதான் என்பதால், கிட்ட இருக்கும்போது கடலை ஏற்றும் அதன் வலிமை ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதலாகிவிடுகிறது.

இந்த விளக்கத்தின் அடிப்படையை 1687-இல் நியூட்டன் எழுதிவைத்தார். அதற்கு முன்பு, நிலாவுக்கும் கடலுக்கும் தொடர்பு உண்டு என்று கெப்ளர் சொன்னதைக் கலிலியோ ஏளனம் செய்தார். பூமியின் அசைவால் கடல்நீர் அலம்புவதுதான் ஏற்றவற்றம் என்பது அவர் கட்சி. பூமி நகர்கிறது என்பதற்கு ஒரு சான்று வேண்டும் என்ற தவிப்பில் அவ்வளவு பெரிய மனிதர் கண்ணெதிரே இருந்த நிலாவை ஒதுக்கிவிட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன்: அதே நிலா, அதே சூரியன், அங்கே பத்து மீட்டர், இங்கே ஏன் ஒரு மீட்டர்கூட இல்லை? நிலா நீரை மேலே தூக்குவதில்லை என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள். நீரின் எடையோடு ஒப்பிட்டால் அந்த வேறுபாட்டு விசை கோடியில் ஒரு பங்குதான். அதைக் கொண்டு ஒரு குவளை நீரைக்கூட உயர்த்த முடியாது. அது செய்வதெல்லாம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரந்த நீரைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்துவதுதான். அகலம் இல்லாத நீர்நிலையில் நகர்த்துவதற்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் வட அமெரிக்காவிலுள்ள சுப்பீரியர் ஏரி போன்ற மாபெரும் நன்னீர் ஏரியிலும் ஏற்றம் 5 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. நடுக்கடலில்கூட இது பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். மிச்சத்தைச் செய்வது கரை.

உங்கள் பாவ்நகரை ஒட்டிய காம்பத் வளைகுடாவின் வரைபடத்தை எடுத்துப் பார். டையூவுக்கும் டாமனுக்கும் இடையே ஏறத்தாழ 190 கிலோமீட்டர் அகலமாக இருக்கும் அதன் வாய், உள்ளே போகப்போக 24 கிலோமீட்டராகச் சுருங்குகிறது. அகன்ற வாயில் நுழைந்த நீர் குறுகும் இடத்தில் மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. அடித்தளமும் ஆழமற்றது, அந்தப் பக்கத்தில் கண்டத்திட்டு, அதாவது கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் ஆழமற்ற தரை, இந்தியாவிலேயே மிக அகலமானது, கரையிலிருந்து 300 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கிறது. இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு வளைகுடாவிலும் உள்ள நீருக்கு, இப்படியும் அப்படியுமாக ஆட இயல்பாகவே ஒரு கால அளவு இருக்கிறது, ஊஞ்சலுக்கு இருப்பதைப் போல. ஊஞ்சல் திரும்பி வரும் தருணத்தில் ஒவ்வொரு தடவையும் இலேசாகத் தள்ளினால் போதும், ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அந்த இயல்பான காலம் நிலாவின் 12 மணி 25 நிமிடத்துக்கு மிக நெருங்கி அமைந்துவிட்டதால், அங்கே கடல் 16 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. உங்கள் அகன்ற திட்டும் வளைகுடாவும் அந்தப் பொருத்தத்தை ஓரளவு பெற்றவை.

நம் கரையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கண்டத்திட்டு குறுகலானது, கரை வளையாமல் நீள்கிறது, நீரை நெருக்கிப் பிடிக்கும் வளைகுடாவும் இல்லை. அதற்காக இங்கே ஏற்றவற்றமே இல்லை என்று எண்ணிவிடாதே. கடுவையாற்று முகத்துவாரத்தில் விசைப்படகுகள் கட்டும் கம்பங்களை நினைத்துப் பார். ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்துக்குக் கொட்டலசு என்னும் ஓடுள்ள சிற்றுயிர்கள் அப்பியிருக்கும் ஒரு பட்டை தெரியும். அதற்கு மேலே வெறும் மரம், கீழே வழுவழுப்பான பாசி. அந்தப் பட்டைதான் நாகைக் கடலின் ஏற்றவற்றக் கணக்கு, அது அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். மாலையில் என்னிடம் படிக்க வரும் தெருப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய் அதைத்தான் காட்டுகிறேன். இதே வங்கக் கடலில் வடக்கே போய் ஹூக்ளி முகத்துவாரத்தைப் பார்த்தால் ஏற்றவற்றம் ஐந்து மீட்டரை நெருங்கும். கடல் ஒன்று, நிலா ஒன்று, கரை மட்டும் வேறு.

உன் ஊர்ப் பக்கத்து மக்கள் இந்தப் பத்து மீட்டரை வைத்தே பிழைக்கிறார்கள் என்பதையும் பேத்திக்குச் சொல். ஆலங்கில் 1983 முதல் பழைய கப்பல்களை உடைக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமி காலத்து உச்ச ஏற்றத்துக்காகக் காத்திருந்து, கப்பலைத் தன் இயந்திர வலிமையாலேயே கரையை நோக்கி ஓட்டிவந்து மோதவிடுகிறார்கள். நீர் வடிந்ததும் கப்பல் சேற்றில் அமர்ந்துவிடுகிறது. உலகிலேயே மிக நீளமான, 458 மீட்டர் நீளமுள்ள எண்ணெய்க் கப்பலும் கடைசியில் அங்கேதான் கரையேறி உடைபட்டது. அந்த வேலையில் தொழிலாளர்கள் படும் பாட்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்; அது வேறு கடிதம். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் அதே வளைகுடாவின் பரூச் துறைக்கு வந்துபோன கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய கடல்வழிக் குறிப்பிலும், அந்தப் பக்கத்துக் கடல் மற்ற இடங்களைவிடப் பயங்கரமாக ஏறி வற்றுவதாகவும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி அது பெருகுவதாகவும் பதிவாகியிருக்கிறது. காரணம் தெரியாவிட்டாலும் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இங்கே இன்னும் சிலர் 2004 டிசம்பர் 26 பௌர்ணமி என்பதை நினைவூட்டி, நிலாதான் அன்று கடலை ஏவிவிட்டது என்று சொல்வதுண்டு. நம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன நாள் என்பதால் நான் வாதாடுவதில்லை. ஆனால் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: சுமத்ராவுக்கு அருகே நிலநடுக்கத்தில் கடலடித் தரை உயர்ந்து நீரைத் தள்ளியதால் வந்தது ஆழிப்பேரலை, பௌர்ணமி அதற்குக் காரணமன்று. அடுத்த பௌர்ணமிக்குக் கடலைக் கண்டு அவர்கள் அஞ்சக் கூடாது, அதே சமயம் நிலம் அதிர்ந்தால் எந்தத் திதியானாலும் மேட்டுக்கு ஓட வேண்டும்.

கடல் பதிலுக்கு நிலாவை ஏதாவது செய்யுமா என்று பேத்தி கேட்டாளே, அதுதான் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த கேள்வி. செய்கிறது. பூமியின் வேகமான சுழற்சி நீர் மேடுகளை நிலாவுக்குச் சற்று முன்னே இழுத்துச் செல்கிறது. அந்த மேடுகள் நிலாவை முன்னோக்கி இழுக்க, நிலா கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய வட்டத்துக்கு விலகுகிறது. 1969-இல் அப்பல்லோ 11 பயணிகள் அங்கே வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்களில் லேசர் ஒளியைப் பாய்ச்சி அளந்ததில், ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் என்று தெரியவந்தது. அதற்கு விலையாகப் பூமியின் சுழற்சி தளர்கிறது. ஜான் வெல்ஸ் என்ற ஆய்வாளர் 1963-இல் பழம்பவளப் புதைபடிவங்களின் நாள் வளையங்களை எண்ணி, 35 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஓர் ஆண்டில் ஏறக்குறைய 400 நாட்கள் இருந்தன என்று காட்டினார். ஆண்டின் நீளம் மாறவில்லை, நாள்தான் குட்டையாக இருந்தது.

பேத்தியிடம் ஒரு வேலை கொடு. அடுத்த அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பிருந்து நான்கு நாள் பின்பு வரை, துறைமுக ஏற்ற அட்டவணையைப் பார்த்து நீர் உச்சத்தை எட்டும் நேரத்தையும் உயரத்தையும் ஒரு நோட்டில் எழுதிவரட்டும். மிகப்பெரிய ஏற்றம் அமாவாசை அன்றே வராமல் ஓரிரு நாள் பிந்தி வருவதை அவளே கண்டுகொள்வாள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. என் பிள்ளைகள் கடுவையாற்றுக் கம்பத்தில் எடுத்த அளவுகளை அவளுக்கு அனுப்புகிறோம். நீ மறுபடி கோளியாக் போவதானால், நீர் திரும்பும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே கரைக்கு வந்துவிடு. சமநிலத்தில் ஏறும் கடல் உன்னைவிட வேகமாக நடக்கும், உன் முழங்கால் வேறு எனக்குத் தெரியும்.

அன்புடன்,
ரத்தினசபாபதி