வீட்டை வீடாக விற்க வழி செய்யுங்கள்

பாரம்பரியக் கட்டடங்களைப் பேணும் பொறுப்பில் உள்ள அரசு அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் செட்டிநாட்டில் எங்கள் தெருவில், எதிர்வரிசையில் ஒரு வீட்டைப் பிரித்தார்கள். முகப்பு நிலை மட்டும் பெயரவில்லை. காலையிலிருந்து கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தவர்கள், மதியத்துக்கு மேல் ரம்பத்தை எடுத்து நிலைக்காலைக் குறுக்கே அறுத்தார்கள். நூறு வருஷத்துப் பர்மாத் தேக்கு. அறுக்க அறுக்க எண்ணெய் வாசம் தெருவெல்லாம் பரவியது. நிலைக்கு மேலிருந்த கஜலட்சுமியைச் சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றினார்கள். வளவுத் தூண்களில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றி நிற்கும் தூண்களில், சாக்பீஸால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தது. சாயங்காலம் மிஞ்சியது சுவர் இடிசல்தான். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பூச்சு, குப்பையில் கிடந்தும் முகம் பார்க்கிற மாதிரி மின்னியது.

செட்டிநாட்டு வீடுகள் எப்படி எழுந்தன, 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்த பிறகு அங்கிருந்த எங்களவர் சொத்து என்ன ஆனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. வீட்டை விற்கவே கூடாது என்று சொல்லவும் வரவில்லை. நாங்களே விற்கத்தான் போகிறோம். எங்கள் தாத்தாவான ஐயா கட்டிய வீட்டில் இன்றைக்கு 14 பங்கு. கோலாலம்பூரில், சிங்கப்பூரில், சென்னையில் என்று ஆளுக்கொரு திசை. ஊரில் இருப்பவன் நான் ஒருவன். ஓடு மாற்றவும் காவலுக்கு ஆள் வைக்கவும் இனி எங்களால் முடியாது.

நான் கேட்பது ஒன்றுதான். இந்த வீட்டை வீடாகவே விற்க வழி செய்யுங்கள்.

இப்போது இதற்கு என்ன மதிப்பு தெரியுமா? பத்திரம் பதியும்போது மனைக்கு அரசு வகுத்த வழிகாட்டி மதிப்பு உண்டு. கட்டடத்துக்கோ வயது ஏற ஏறத் தேய்மானம் கழிக்கிறார்கள். ஆக, பழைய வீடு என்பதே அதற்குக் குறையாகிவிடுகிறது. வாங்க வருகிறவரோ டேப்பை எடுத்துத் தூணைச் சுற்றி அளக்கிறார். வைகாசியில் வந்த தரகர் வளவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "மரம் தேறும் அண்ணே, மற்றதெல்லாம் இடிக்கிற கூலிக்குச் சரி" என்றார். அவர் நின்றிருந்தது அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும், அதாவது என் அப்பா அம்மாவுக்கு, மணவறை போட்ட இடம். கன அடிக் கணக்கில் அதற்கு ஏது விலை?

வீட்டை வீடாகக் கேட்டு ஒருவர் வராமல் இல்லை. வந்தார். பிரிக்க மாட்டேன், பழுது பார்த்து விருந்தினர் தங்கும் விடுதியாக நடத்துகிறேன் என்றார். அவர் கேட்டது ஒரே ஒரு தாள். இந்த வீடு பாரம்பரியக் கட்டடமா, ஆமென்றால் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது? அந்தத் தாளுக்காக எட்டு மாதம் அலைந்தேன். ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டினார்கள். அங்கே மனுவை வாங்கிக்கொண்டு, பதில் வரும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை. இதற்கிடையில் வெளிநாட்டுப் பங்காளிகளிடம் பவர் பத்திரம் எழுதி வாங்கி, அவை இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்டி முடித்திருந்தோம். பதினாலு பேரை ஒரு சொல்லுக்குக் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்பது கூட்டுச் சொத்து உள்ளவர்களுக்குத் தெரியும். வெளியாள் ஒருவர் ஒரு பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அதை மற்றப் பங்காளிகளே விலை கொடுத்து எடுத்துக்கொள்ள 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் இடம் தருகிறது. அதனால் தனிப் பங்கை வாங்க எவரும் துணிவதில்லை. எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் விற்பனை. நாங்கள் சேர்ந்தோம். உங்கள் தாள்தான் வரவில்லை. அந்த மனிதர் காத்திருந்து பார்த்துவிட்டு முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் 2012-ல் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 2024 ஆகிவிட்டது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை வளவுகள் லாரி ஏறின என்று யாராவது கணக்கு வைத்திருக்கிறீர்களா? மும்பையில் 1995-லேயே விதி வகுத்து, பழைய கட்டடங்களைத் தரம் பிரித்துப் பட்டியல் போட்டுவிட்டார்கள். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றபோது நாங்களெல்லாம் எவ்வளவு பெருமைப்பட்டோம்! சுற்றுலா விளம்பரத்துக்குப் படம் எடுக்க எங்கள் வீடு வேண்டும். அந்த வீடு நின்று நிலைக்க ஒரு தாள் கேட்டால் மட்டும் பதில் இல்லை. இது நியாயமா?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராக வந்து வீடுகளைப் பார்த்துப் பட்டியல் போடுங்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று வீட்டுக்காரர் கையில் எழுத்தில் கொடுங்கள். பிரிப்பதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்று ஆக்குங்கள். ஆனால் அந்த அனுமதியைக் காரணம் காட்டி, விற்க நினைப்பவரை வருஷக் கணக்கில் அலையவிடாதீர்கள். வீட்டை வீடாக வாங்க வருகிறவருக்கு ஒரே இடத்தில் பதில் கிடைக்கட்டும்.

தரகர் மறுபடி போன் செய்திருக்கிறார். மரத்துக்கு ஆள் தயாராம். பங்காளிகளில் சிலர் சரி சொல்லிவிட்டார்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் உங்கள் ஆட்களை அனுப்பி வையுங்கள். சாவி என்னிடம்தான் இருக்கிறது. எந்த நாள் வந்தாலும் கதவைத் திறந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பதினாலில் ஒரு பங்காளி