நகர் கூட்டுச் சோலார் திருப்பணி: நிறைவு அறிக்கையும் வரவு செலவும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கணக்கு எழுதிய அதே நீல நோட்டின் மிச்சப் பக்கங்களில்தான் இந்தக் கணக்கும் இருக்கிறது. குழுவிலும் முக்கால்வாசி அதே ஆட்கள். அதனால் சோலார் வேலைக்கும் 'திருப்பணி' என்ற பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. இது தெய்வக் குத்தம் ஆகாதா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "சூரியனும் சாமிதானுங்களே" என்று மூன்றாவது குறுக்குத் தெரு வாத்தியார் சொல்ல, அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

முடிந்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறோம். 48 வீடுகளில் 31 வீடுகளின் மொட்டை மாடியில் மொத்தம் 93 கிலோவாட் சோலார் ஏறிவிட்டது. 22 வீடுகளில் 3 கிலோவாட், 6 வீடுகளில் 2 கிலோவாட், 3 வீடுகளில் 5 கிலோவாட். கடைசி நெட் மீட்டர் (ஈபியிலிருந்து வாங்கிய யூனிட்டையும் நம் மாடியிலிருந்து ஈபிக்குப் போன யூனிட்டையும் கணக்கெடுக்கும் மீட்டர்) ஐப்பசியில் மாட்டப்பட்டது. ஆடிப் பண்டிகைக்குள் முடித்துவிடுவோம் என்று நாங்கள் சொன்னது பொய்த்துப் போனது. காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறோம்.

ஆனால் இந்த வேலை சோலாரில் ஆரம்பிக்கவில்லை. தை மாதக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் தன் மகள் சொன்ன விவரத்தை எடுத்துவந்தார். அங்கே ஊரே சேர்ந்து மொத்தமாகக் கரண்ட் வாங்குகிறார்களாம், நாமும் வாங்கினால் என்ன என்பது அவர் கேள்வி. நல்ல கேள்வி. குழு இரண்டு வாரம் அதிலேயே உட்கார்ந்தது.

அங்கே நடப்பது இதுதான். 1997-இல் அந்த மாநிலம் போட்ட சட்டப்படி, ஒரு ஊராட்சி தன் மக்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு மின் விற்பனையாளரிடம் விலை பேசி ஒப்பந்தம் போடலாம். கேப் காட் பக்கம் 21 ஊர்கள் அந்த வருடமே ஒன்றுசேர்ந்தன. கம்பி, கம்பம், மீட்டர், பழுது பார்ப்பது, பில் போடுவது எல்லாம் பழைய மின் நிறுவனமே செய்யும். யூனிட்டை யாரிடம், என்ன விலைக்கு வாங்குவது என்பது மட்டும் மாறும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சேர விரும்புகிறவர் கையெழுத்துப் போடத் தேவையில்லை. வேண்டாம் என்கிறவர்தான் எழுதிக் கொடுத்து விலக வேண்டும். எழுதிக் கொடுக்காதவர் எல்லோரும் சேர்ந்ததாகவே கணக்கு. அதனால்தான் அங்கே பெரிய கூட்டம் சேர்கிறது, கூட்டம் பெரிதானால் பேரமும் பலமாகிறது. நம் நகரில் மெம்பர்ஷிப் சந்தாவுக்கு இந்த முறை வந்தால் பொருளாளர் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். ஒப்பந்தம் போட்டுவிட்டால் விலை எப்போதும் குறைவாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. சந்தை விலை இறங்கினால், கூட்டாக வாங்கியவர் அதிகம் கொடுத்துக்கொண்டிருப்பார்.

நமக்கு இது நடக்காது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், வேறு இடத்தில் மின்சாரம் வாங்கி ஈபி கம்பி வழியாகக் கொண்டுவரக் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் அந்தக் கதவு 1 மெகாவாட்டுக்கு, அதாவது 1,000 கிலோவாட்டுக்கு மேல் எடுப்பவர்களுக்கு. 2022-இல் ஒன்றிய அரசின் பசுமை மின்சார விதிகள் வரம்பை 100 கிலோவாட்டுக்கு இறக்கின. எல்லா வீட்டு லோடையும் கூட்டினால் நாமும் 100-ஐத் தாண்டுவோம்தான். ஆனால் நம்முடையது 48 பெயரில் 48 சர்வீஸ், ஒவ்வொன்றும் 3, 4 கிலோவாட். அவற்றை ஒன்றாகக் கட்டி ஒரே வாடிக்கையாளராகக் காட்ட முடியாது. நூற்பாலைக்காரர்கள் வேறு வழியில் செய்கிறார்கள். நான்கைந்து மில்கள் சேர்ந்து காற்றாலைக் கம்பெனியில் குறைந்தது 26 சதவீதம் பங்கு வாங்கி, அதன் மின்சாரத்தில் 51 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டால், அது அவர்களுடைய சொந்த உற்பத்தி என்று ஆகிவிடும். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் இதை அழகாக விளக்கினார். வீட்டுக்காரர்களுக்கு அதிலும் இடமில்லை.

"மேட்டூர்ல நம்ம மாவட்டத்துலயே கரண்ட் எடுக்கறாங்க, நமக்குக் கொஞ்சம் கொறச்சுக் குடுக்கக் கூடாதா?" என்று ஒரு பெரியவர் ஆதங்கப்பட்டார். அணை 1934-இல் வந்தது, அனல் மின் நிலையம் இன்று 1,440 மெகாவாட். ஆனால் எங்கே எடுத்தாலும் எல்லாம் ஒரே கம்பியில் கலந்துதான் வருகிறது. விலை மாநிலம் முழுக்க ஒன்றுதான் ஐயா.

இன்னொரு வழியும் பார்த்தோம். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளில், குடியிருப்புக்கு மொத்தமாக ஒரே இணைப்பு எடுக்கலாமா, வீட்டுக்கு வீடு தனி இணைப்பா என்பதை உரிமையாளர்களே ஓட்டுப்போட்டுத் தீர்மானிக்க வழி இருக்கிறது. ஒரே இணைப்பு என்றால் சங்கமே எல்லோருக்கும் பில் போட்டு வசூல் செய்ய வேண்டும். "கட்டாத வீட்டுக்கு ஃபியூஸ் பிடுங்க யார் போறது?" என்று கேட்டதும் கூட்டம் அமைதியானது. கை தூக்கியவர்கள் 4 பேர். அவர்களில் இருவர் பிறகு இறக்கிவிட்டார்கள்.

சரி, கரண்டைச் சேர்ந்து வாங்க முடியாது, கரண்ட் எடுக்கும் சாமானைச் சேர்ந்து வாங்கலாமே என்று தோன்றியது அப்புறம்தான். ஒன்றிய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் வீட்டுக்கு முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய் என்று அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். மானியம் அவரவர் வங்கிக் கணக்குக்கே வரும். வீடு அவருடையது, சர்வீஸ் அவருடையது, பில்லும் அவருடையது. சேர்ந்து செய்தது விலை பேசுவது, காகிதம் சரிபார்ப்பது, வேலையைச் சோதிப்பது ஆகிய மூன்றும்தான்.

விலை பேசும் முன் எல்லோரிடமும் ஒரு வருட ஈபி பில் வாங்கினோம். இந்த அறிக்கையில் எதைப் படிக்காவிட்டாலும் இந்த இடத்தைப் படியுங்கள். 2024 ஜூலைக் கட்டணப்படி இரண்டு மாதத்துக்குச் சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் 2 ரூபாய் 35 காசு சலுகை போய், அதுவும் 4 ரூபாய் 70 காசு ஆகிவிடுகிறது. இரண்டாவது தெருவில் ஒரு வீட்டின் வெள்ளை அட்டையைப் பார்த்தோம். வருடத்தில் மூன்று முறை 505, 512, 508 என்று இருந்தது. ரீடிங் எடுப்பவர் நாலு நாள் முன்னால் வந்திருந்தால் போதும். அந்த வீட்டம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

இந்தக் கணக்கால்தான் 17 வீடுகளுக்குச் சோலார் இப்போது வேண்டாம் என்று குழுவே சொன்னது. 300 யூனிட் ஓடும் வீட்டுக்கு இரு மாத பில் 705 ரூபாய், வருடத்துக்கு 4,230. அதற்காகக் கையிலிருந்து 64,000 ரூபாய் போட்டு 2 கிலோவாட் வைத்தால் பணம் திரும்ப 15 வருடம் ஆகும். 620 யூனிட் ஓடும் வீட்டுக்கு பில் 3,069 ரூபாய், வருடத்துக்கு 18,414. அங்கே 3 கிலோவாட், சிறு கட்டணங்கள் நீங்கலாக, ஐந்தேகால் வருடத்தில் போட்ட பணத்தை எடுத்துவிடும். எண்ணிக்கை கூடினால் விலை இன்னும் குறையும், எல்லோரையும் சேருங்கள் என்று நிறுவனத்தார் சொன்னார்கள். ஓய்வூதியத்தில் இரண்டு ஃபேனும் ஒரு டிவியும் ஓட்டுகிறவர் தலையில் இதைக் கட்டக் குழுவுக்கு மனசு வரவில்லை. இதில் எங்கள் மேல் வருத்தப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பரவாயில்லை.

ஐந்து நிறுவனங்களிடம் கொட்டேஷன் வாங்கினோம். தனியாகக் கேட்டபோது 3 கிலோவாட்டுக்கு 1,98,000 சொன்ன நிறுவனமே 31 வீடு என்றதும் 1,74,000-க்கு வந்தது. மானியம் போகக் கையிலிருந்து 96,000. விலையை விடப் பெரிய லாபம் ஒரு நிபந்தனையில் கிடைத்தது. நெட் மீட்டர் மாட்டும் வரை ஒவ்வொரு வீட்டிலும் 10 சதவீதத்தை நிறுத்தி வைத்தோம். தனி ஆளாகக் கேட்டால் இதற்கு யாரும் ஒப்புக்கொள்வதில்லை. போனை எடுக்காத ஆட்களெல்லாம் அந்த 10 சதவீதத்துக்காக நேரில் வந்தார்கள்.

தாமதத்துக்குக் காரணம் பெயர். 31-இல் 9 வீடுகளின் சர்வீஸ் இறந்துபோன அப்பா பெயரிலோ, மனையை விற்றவர் பெயரிலோ இருந்தது. ஒரு வீட்டில் ஆதாரில் 'பி', ஈபியில் 'ப', வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லை. பெயர் பொருந்தாவிட்டால் மானியம் வராது. வாரிசுச் சான்றிதழ், பெயர் மாற்றம் என்று அலைந்ததில் மூன்று மாதம் போனது. தவறு நம்முடையதுதான், இருபது வருடமாக யாரும் மாற்றவில்லை. சோலார் போடாத வீடுகளும் இதை இப்போதே பார்த்துவிடுங்கள். லோடு விஷயம் அவ்வளவு சிரமப்படுத்தவில்லை. 10 கிலோவாட் வரையிலான சோலாருக்கு, ஈபி கம்பி தாங்குமா என்று பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வு வேண்டாம் என்று மேலே சொன்ன 2024 திருத்தத்திலேயே இருக்கிறது.

வேலையைச் சோதிக்க வெளியிலிருந்து ஒரு மின் பொறியாளரைக் கூலி கொடுத்து வைத்தோம். வீட்டுக்கு மூன்று எர்த் குழி வேண்டும்: பேனல் பக்கம் ஒன்று, வீட்டுக்குள் போகும் ஏசி கரண்ட் பக்கம் ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. ஏழு வீடுகளில் இடிதாங்கிக் கம்பியை ஏசி எர்த்தோடு முடிச்சுப் போட்டு, மேலே மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் மூன்று மூடி அழகாகத் தெரியும். அவர் கடப்பாரையால் தோண்டச் சொன்னார், குட்டு வெளிப்பட்டது. சேர்வராயன் மலையடிவாரத்தில் சித்திரை இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏழையும் நிறுவனத்தின் செலவிலேயே மறுபடி போடவைத்தோம்.

மலை நமக்கு வடக்கே இருப்பது ஒரு புண்ணியம். பேனல்கள் தெற்கு பார்த்தவை, அதனால் மலை நிழல் படுவதில்லை. தென்னை நிழல்தான் தொல்லை. நான்கு வீடுகளில் பக்கத்து வீட்டு மரத்துக்காகப் பேனலை நகர்த்தினோம், மரத்தை வெட்டவில்லை. குரங்குகள் விஷயத்தை நாங்கள் யோசிக்கவே இல்லை. முதல் வாரமே இரண்டு வீடுகளில் ஒயரை இழுத்துப் போட்டன. இப்போது எல்லா ஒயரும் இரும்புக் குழாய்க்குள் இருக்கிறது. பேனல் மேல் உட்கார்ந்து வெயில் காய்வதை யாராலும் தடுக்க முடியவில்லை.

அப்புறம் அந்தப் பராமரிப்பு நாள். காலை 9 மணிக்கு ஈபி நின்றது. ஐந்தாம் நிமிடம் செயலாளருக்கு போன்: "ஏன் தம்பி, லட்ச ரூபா கொட்டியும் ஃபேன் சுத்தலையே, வெயிலு பல்லைக் காட்டுது!" ஒரு மணி நேரத்தில் இதே மாதிரி பதினொரு போன். பேட்டரி இல்லாத சோலார், ஈபி நின்றால் தானும் நின்றுவிடும். இல்லாவிட்டால் நம் மாடியிலிருந்து போகும் கரண்ட், கம்பத்தில் வேலை செய்கிறவரை அடித்துவிடும். இதை ஆரம்பக் கூட்டத்திலேயே சொன்னோம், ஆனால் விலைப் பேச்சுக்கு நடுவில் சொன்னோம். எங்கள் தப்பு. பழைய யுபிஎஸ்ஸை விற்றுவிடாதீர்கள்.

உற்பத்தி இதுவரை நன்றாக இருக்கிறது. 3 கிலோவாட்டில் நல்ல வெயில் நாளில் 14 யூனிட் வரை பார்த்தோம். ஐப்பசி மழையில் ஒரு நாள் 3 யூனிட்டோடு சரி. ஒரு நாளைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், துள்ளவும் வேண்டாம்.

கணக்கு. சாமான், வேலை எல்லாம் சேர்த்து மொத்தம் 53,97,000 ரூபாய். இது வீட்டிலிருந்து நேராக நிறுவனத்துக்குப் போனது, குழுவின் கை வழியாக ஒரு ரூபாயும் போகவில்லை. மானியம் 23,10,000 வர வேண்டியதில் 21,54,000 வந்துவிட்டது. மீதி 1,56,000 இரண்டு வீடுகளுடையது, இரண்டிலும் பெயர் மாற்றம் தாமதமாக முடிந்தது. பொதுச் செலவுக்காக வீட்டுக்கு 1,500 வீதம் வாங்கிய 46,500-இல், பொறியாளர் கூலி 18,600, பத்திரம், நகல், நோட்டரி 6,240, போக்குவரத்து 4,300, பேனல் கழுவ ஏணியும் சிறிய பம்பும் 9,850, கூட்டங்களுக்கு டீயும் தட்டுவடை செட்டும் 3,115. ஆகச் செலவு 42,105. கையிருப்பு 4,395 சங்கக் கணக்கில் இருக்கிறது. தட்டுவடை செட்டுக்கு இவ்வளவா என்று தணிக்கையாளர் கேட்டார். பதினான்கு கூட்டம் நடந்தது, அவரும் ஒன்பதுக்கு வந்திருந்தார்.

ஏணியும் பம்பும் கோயில் ஸ்டோர் ரூமில் இருக்கின்றன. சாவி பூசாரியிடம். எடுத்தவர் நோட்டில் எழுதிவிட்டு எடுக்கவும். காலை 7 மணிக்குள் கழுவவும், சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். போன வாரம் எடுத்துப்போன ஏணி இன்னும் திரும்பவில்லை. எடுத்தவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
செயலாளர்,
திருப்பணிக் குழுவுக்காக,
சேலம்.